கலப்பு மீன்தொட்டியில் ஆக்கிரமிப்பு நடத்தை: காரணமும் தீர்வும்



க.பொ.த. சாதாரண தரத்தில் நீருயிரினவளத் தொழினுட்பவியல் பயிலும் உங்களுக்கும், பாடத்தில் இல்லாவிட்டாலும் வீட்டு விறாந்தையில் ஒரு மீன்தொட்டி வைத்திருக்கும் ஏனையோருக்கும் பயன்படத்தக்க ஒரு விடயத்தை இக்கட்டுரையில் நோக்குவோம். தொட்டியில் ஒரு மீன் மற்ற மீன்களைக் கலைத்துக் கடித்துத் துன்புறுத்துமானால் நாம் என்ன செய்ய வேண்டும்?

இவ்வினாவுக்கு எனது வகுப்பில் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒன்றே: "அந்த மீனை வெளியே எடுத்துவிட வேண்டும்." இவ்விடை முற்றிலும் பிழையன்று, ஆனால் அரைகுறையானது. ஏன் அரைகுறையானது என்பதை ஓர் உண்மைச் சம்பவத்துடன் தொடங்குவோம்.

1. ஒரு தொட்டியின் கதை

ஒரு நாள் மாலை வகுப்பு முடிந்த பின்னர் தரம் 11 மாணவன் ஒருவன் வீட்டுக்குப் போகாமல் வாசலில் நின்றான்.

"சேர், எங்கட தொட்டியில மூண்டு கப்பி செத்துப் போச்சு. அந்த நீலக் குராமிதான் எல்லாத்தையும் கலைச்சுக் கலைச்சுக் கடிக்குது. நாளைக்கு அதைக் கொண்டுபோய்க் குளத்தில விடப்போறன்."

"கடிக்கிறதை நீ கண்டனியோ?" என்று கேட்டேன்.

"கலைக்கிறதைக் கண்டனான் சேர். வால் எல்லாம் கிழிஞ்சு கிடக்குது. வேற ஆர் கடிச்சிருக்கும்?"

"குளத்தில விடாதை. ரெண்டு நாள் பொறு. எந்த மீன் எந்த மீனை, எந்த இடத்தில, எந்த நேரத்தில கலைக்குது எண்டு கொப்பியில எழுதிக் கொண்டு வா" என்று சொல்லி அனுப்பினேன்.

அவனது தொட்டி 2 அடி நீளமும் 1 அடி அகலமும் 1 அடி உயரமும் கொண்டது. அதில் 8 கப்பிகள், 3 ரைகர் பார்ப்கள், 2 ஏஞ்சல் மீன்கள், ஓர் ஆண் நீலக் குராமி, ஒரு ராங்கிளீனர் ஆகியன இருந்தன. அடியில் சிறு கற்கள், இடது மூலையில் ஒரு மண்சட்டி, அதற்கு மேலே நீர்மட்டத்தில் மிதக்கும் சில தாவரங்கள். மிகுதி இடம் முழுவதும் வெறுமை. இந்தத் தொட்டியை மனதில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

2. கலப்புத் தொட்டியும் அதன் கொள்ளளவும்

ஒன்றுக்கு மேற்பட்ட இன மீன்களை ஒன்றாக வளர்க்கும் தொட்டி கலப்புத் தொட்டி எனப்படும். பல நிற மீன்களை ஒரே இடத்தில் காண முடிவதால் வீடுகளில் இதுவே அதிகம் விரும்பப்படுகின்றது. எனினும் இம்மீன்கள் இயற்கையில் ஒன்றாக வாழ்ந்தவை அல்ல. ஏஞ்சல் மீன் தென் அமெரிக்காவின் அமேசன் ஆற்றுப் பிரதேசத்துக்கு உரியது. நீலக் குராமி தென்கிழக்கு ஆசியாவுக்கு உரியது. கப்பியின் தாயகம் தென் அமெரிக்காவின் வடபகுதியும் அதனை அண்டிய தீவுகளும் ஆகும். இவை ஒன்றையொன்று சந்திப்பதே கடைக்காரரின் பொலித்தீன் பையிலும் நமது தொட்டியிலுந்தான்.

மேலே கூறிய தொட்டியின் கொள்ளளவைக் கணிப்போம். 2 அடி ஏறத்தாழ 60 செ.மீ. ஆகவும், 1 அடி ஏறத்தாழ 30 செ.மீ. ஆகவும் கொள்ளப்படும். நீர் 27 செ.மீ. உயரத்துக்கு நிரப்பப்பட்டுள்ளது எனின்,

நீரின் கனவளவு = 60 × 30 × 27
= 48 600 கன செ.மீ.
= 48.6 லீற்றர்

கற்களும் சட்டியும் பிடிக்கும் இடத்தைக் கழித்தால் எஞ்சுவது ஏறத்தாழ 45 லீற்றர். இது ஐந்து பத்து லீற்றர் வாளிகளைவிடக் குறைவு. இவ்வளவு நீருக்குள் 15 மீன்கள். இவற்றுள் ராங்கிளீனர் வளர்ந்து 30 செ.மீ. இனையும் தாண்டக்கூடியது. ஏஞ்சல் மீனின் உயரம் செட்டைகளுடன் சேர்த்து 20 செ.மீ. இனைத் தாண்டும். நீலக் குராமி 12 செ.மீ. வரை அல்லது அதற்கு மேலும் வளரும். கடையில் வாங்கும்போது இவை யாவும் விரல் நீளக் குஞ்சுகளே. மீன் வளர்கின்றது, தொட்டி வளர்வதில்லை. சண்டையின் முதல் வித்து இங்கேயே விழுகின்றது.

3. ஆக்கிரமிப்பு நடத்தையின் காரணங்கள்

ஒரு விலங்கு மற்றொன்றைக் கலைத்தல், முட்டுதல், கடித்தல், செட்டைகளை விரித்துப் பயமுறுத்தல் ஆகியன ஆக்கிரமிப்பு நடத்தைகள் ஆகும். மீன்களில் இதற்கான பிரதான காரணங்கள் பின்வருமாறு:

(அ) ஆள்புலம் காத்தல்: சில மீன்கள் தொட்டியின் ஒரு பகுதியைத் தமக்குரிய இடமாகக் கொள்ளும். அவ்விடத்தினுள் நுழையும் மீனை மட்டும் கலைக்கும்.

(ஆ) இனப்பெருக்கம்: ஆண் குராமி நீர்மட்டத்தில் நுரைக்கூடு கட்டும். ஏஞ்சல் மீன் சோடி அகன்ற இலை, கல், கண்ணாடி போன்ற பரப்பில் முட்டையிட்டுக் காவல் காக்கும். இக்காலத்தில் சாதுவான மீனும் மூர்க்கமாகும்.

(இ) படிநிலை: ஒரே இன மீன்கள் சில சேரும்போது வலியது மேலும் மெலியது கீழுமாக ஓர் ஒழுங்கு உருவாகும். இடம் சிறிதாயின் கடைசியில் உள்ள மீன் ஓய்வின்றிக் கலைக்கப்படும்.

(ஈ) கூட்ட வாழ்க்கை குலைதல்: ரைகர் பார்ப் கூட்டமாக வாழும் மீன். ஆறு அல்லது எட்டுக்கு மேற்பட்டு இருக்கும்போது தமக்குள்ளேயே துரத்தி விளையாடும். இரண்டு மூன்றாக வைத்தால் அக்கவனம் மற்ற மீன்களின் பக்கம் திரும்பும். நீண்ட செட்டையுள்ள மெதுவான மீன்களின் செட்டைகளைக் கொத்திக் கிழிப்பது இதன் இயல்பு.

(உ) ஆண் பெண் விகிதம்: கப்பி, மொலி, பிளற்றி, வாள்வால் ஆகிய குட்டி ஈனும் மீன்களில் ஆண்கள் அதிகமாயின் பெண் மீன்கள் இடைவிடாது துரத்தப்பட்டு மெலியும். ஓர் ஆணுக்கு இரண்டு அல்லது மூன்று பெண்கள் இருத்தல் நன்று.

(ஊ) உணவுப் போட்டி: ஒரே இடத்தில் உணவு இடும்போது வலிய மீன் அவ்விடத்தைத் தனதாக்கிக் கொள்ளும்.

(எ) இரையாக்கல்: வாயினுள் அடங்கக்கூடிய எதனையும் பெரிய மீன் உண்ணும். இது பகை அன்று, பசி. ஒஸ்கார் மீனுடன் கப்பியை விடுவது கப்பியை உணவாகக் கொடுப்பதே ஆகும்.

கவனிக்குக: தாய்லாந்தைத் தாயகமாகக் கொண்ட பைற்றர் மீனில் ஆண்கள் இரண்டினை எக்காரணங் கொண்டும் ஒரே தொட்டியில் இடலாகாது. சிறிய தொட்டியில் தோற்ற மீன் தப்பியோட வழி இல்லை. எனவே சண்டை இறப்பில் முடியலாம்.

4. இடமும் துணிவும்: தின்பேர்கனின் பரிசோதனை

ஆள்புலம் என்பதை விளங்கிக்கொள்ள ஒரு புகழ்பெற்ற பரிசோதனையை அறிந்திருத்தல் வேண்டும். நெதர்லாந்து நாட்டு விலங்கியலாளர் நிக்கோ தின்பேர்கன் ஸ்ரிக்கிள்பாக் என்னும் சிறிய மீனை ஆராய்ந்தார். முதுகில் மூன்று முட்களைக் கொண்ட இம்மீனின் ஆண், இனப்பெருக்க காலத்தில் அடியில் கூடு கட்டும். அதன் வயிற்றுப்பகுதி சிவப்பு நிறமாகும்.

ஒரே தொட்டியில் இரண்டு ஆண்கள் இரு பக்கங்களிலும் கூடு கட்டியிருந்தன. ஒவ்வொன்றையும் ஒரு கண்ணாடிக் குழாயினுள் இட்டு, இரு குழாய்களையும் முதலாம் மீனின் பக்கத்துக்குக் கொண்டு சென்றார். முதலாம் மீன் கண்ணாடியினூடே தாக்க முயன்றது. இரண்டாம் மீன் தப்பியோட முயன்றது. பின்னர் அதே குழாய்களை இரண்டாம் மீனின் பக்கத்துக்கு நகர்த்தினார். இப்போது சற்று முன் பயந்த மீன் தாக்க வந்தது. சற்று முன் தாக்கிய மீன் ஓட முயன்றது. மீன்கள் மாறவில்லை, நின்ற இடம் மட்டுமே மாறியது.

இன்னொரு செய்தியும் உண்டு. சிவப்பு நிறத் தபால் வண்டி யன்னலுக்கு வெளியே சென்றபோது, யன்னலோரத் தொட்டிகளில் இருந்த ஆண் மீன்கள் அதனை நோக்கிப் பாய்ந்ததாகத் தின்பேர்கன் எழுதியுள்ளார். எதிரி ஆணின் சிவப்பு நிறமே தாக்குதலைத் தூண்டும் குறி என்பதை அவர் போலி மீன்களைக் கொண்டும் காட்டினார். விலங்கு நடத்தை பற்றிய ஆய்வுகளுக்காக 1973 ஆம் ஆண்டு தின்பேர்கன், கொன்ராட் லோரென்ஸ், கார்ல் வொன் பிரிஷ் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? பல சமயங்களில் மூர்க்கம் மீனில் மட்டும் தங்கியிருப்பதில்லை. மீன் இருக்கும் இடத்திலும் தங்கியுள்ளது. ஆகவே இடத்தை மாற்றினால் நடத்தையும் மாறக்கூடும்.

நான் கலைப் பட்டதாரி. இதனை முதலில் நூலில் படிக்கவில்லை, எனது தொட்டியில் பிழைவிட்டுப் படித்தேன். சில வருடங்களுக்கு முன் நான்கு ஏஞ்சல் மீன்கள் வளர்த்தேன். அவற்றுள் பெரியது மற்ற மூன்றையும் மூலைக்குள் தள்ளியது. அதனை எடுத்து நண்பர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். சில நாட்களில் இரண்டாவது பெரிய மீன் அதே மூலையில் நின்று மற்ற இரண்டையும் கலைக்கத் தொடங்கியது. மீனை மாற்றினேன், தொட்டியை மாற்றவில்லை. வெளியே எடுத்தல் என்னும் விடை ஏன் அரைகுறையானது என்பது இப்போது உங்களுக்கு விளங்கும்.

5. சண்டையா, நீரின் குறையா?

மீன் மெலிந்தாலோ இறந்தாலோ உடனே சண்டை எனத் தீர்மானித்தல் ஆகாது. பின்வரும் வேறுபாடுகளை நோக்குக.

நீரின் குறை எனக் கருத வேண்டியவை:
– எல்லா மீன்களும் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து மூடல்
– பல மீன்களின் பூமூடிகள் வேகமாக அசைதல்
– செட்டை ஓரம் வெண்மையாகிக் கரைவதுபோலத் தேய்தல் (செட்டை அழுகல் நோய்)
– நீர் கலங்கி மணத்தல்

துன்புறுத்தல் எனக் கருத வேண்டியவை:
– ஒன்றிரண்டு மீன்கள் மட்டும் மூலையில் அல்லது வடிகட்டியின் பின்னால் ஒதுங்கி நிற்றல்
– செட்டையில் கடித்தெடுத்தாற்போன்ற வெட்டு, செதில் உதிர்வு
– செட்டைகளை உடலோடு ஒடுக்கி வைத்திருத்தல்
– உணவு இட்டாலும் வெளியே வராமை

இரண்டும் ஒன்றுசேர்ந்தும் வரலாம். மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய உணவிலிருந்தும் அமோனியா உண்டாகின்றது. வடிகட்டியிலும் கற்களிலும் வாழும் பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. மீன்கள் மிகையாயின் அமோனியாவும் நைத்திரைற்றும் தேங்கி மீன்களை நலிவடையச் செய்யும். இடைவிடாது கலைக்கப்படும் மீனின் நோய் எதிர்ப்பு ஆற்றலும் குறையும். அதனால் வெண்புள்ளி நோய் போன்றவை இலகுவில் பற்றிக்கொள்ளும்.

6. அவதானிப்பு: தண்டனைக்கு முன் விசாரணை

காலையில் 20 நிமிடமும் மாலையில் 20 நிமிடமும் தொட்டிக்கு முன் அசையாமல் இருந்து அவதானியுங்கள். கொப்பியில் ஐந்து நிரல்கள் வரையுங்கள்: நேரம், கலைத்த மீன், கலைபட்ட மீன், இடம், கலைத்ததா கடித்ததா. இரண்டு நாட்கள் போதும்.

எனது மாணவன் கொண்டுவந்த கொப்பியில் குராமி கலைத்த சந்தர்ப்பங்கள் 14 பதியப்பட்டிருந்தன. அவற்றுள் 11 இடது மூலையில், மிதக்கும் தாவரங்களுக்குக் கீழே நிகழ்ந்தவை. அந்த மூலையில் "சோப்பு நுரை மாதிரி ஒண்டு" இருப்பதாகவும் எழுதியிருந்தான். அது குராமியின் நுரைக்கூடு. கூட்டை விட்டு விலகிய மீனைக் குராமி தொடர்ந்து துரத்தவில்லை. கடித்ததாக ஒரு தடவையேனும் பதியப்படவில்லை.

கடித்தவை ரைகர் பார்ப்கள். உணவு இட்ட சிறிது நேரத்தின் பின்னர் மூன்றும் சேர்ந்து ஆண் கப்பிகளின் வாற்செட்டையைக் கொத்தியதை அவன் ஒன்பது தடவை குறித்திருந்தான். ஏஞ்சல் மீனின் நீண்ட வயிற்றுச் செட்டை நுனிகளும் அவ்வாறே கிழிக்கப்பட்டிருந்தன.

கொப்பியை என்னிடம் தந்தபோது அவன் சொன்னது: "பிழையான ஆளைத்தான் சேர் குளத்தில விடப் பாத்தனான்."

மாணவர்களே, ஒரே தொட்டியில் இரண்டு வெவ்வேறு பிரச்சினைகள் இருந்தன. குராமி செய்தது ஆள்புலம் காத்தல். ரைகர் பார்ப்கள் செய்தது செட்டை கடித்தல். காரணம் வேறு எனின் தீர்வும் வேறு.

7. தீர்வின் படிமுறைகள்

இலகுவானதில் தொடங்கி ஒவ்வொன்றாகச் செய்தல் வேண்டும்.

படி 1 – உணவு: ஒரே நேரத்தில் தொட்டியின் இரு முனைகளிலும் உணவு இடுக. இரண்டு மூன்று நிமிடங்களில் உண்டு முடிக்கும் அளவே போதுமானது.

படி 2 – மறைவிடம்: கலைபடும் மீன் எதிரியின் பார்வையிலிருந்து மறைய இடம் வேண்டும். வலிசுனேரியா, ஐதரில்லா போன்ற தாவரங்கள், கவிழ்த்த மண்சட்டி, நன்கு அவித்து ஊறவைத்த சிரட்டை ஆகியன செலவு குறைந்தவை. மறைவிடங்கள் ஒரே மூலையில் குவிந்திருக்கலாகாது. சுண்ணாம்புக்கல், முருகைக்கல் என்பவற்றைத் தவிர்க்குக. அவை கரைந்து நீரின் வன்மையையும் பீ.எச். பெறுமானத்தையும் உயர்த்தும். யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணற்று நீர் சுண்ணாம்புக்கற் படையிலிருந்து வருவதால் இயல்பாகவே வன்மையானது என்பதையும் நினைவில் வைக்குக.

படி 3 – விகிதமும் தொகையும்: கப்பி போன்றவற்றில் மிகையான ஆண்களைக் குறைக்குக. கூட்டமாக வாழும் மீன்களைப் போதிய தொகையில் வைக்குக. அதற்கு இடம் இல்லையெனின் அவ்வினத்தை வளர்க்காதிருப்பதே முறை. 45 லீற்றர் நீரில் மேலும் ஐந்து ரைகர் பார்ப்களைச் சேர்ப்பது தீர்வாகாது.

படி 4 – இடமாற்றம்: மூர்க்கமான மீனை மூன்று தொடக்கம் ஐந்து நாட்கள் வேறு பாத்திரத்தில் வைக்குக. அந்நாட்களில் தொட்டியிலுள்ள சட்டி, கல், தாவரம் யாவற்றையும் இடம் மாற்றுக. திரும்ப விடும்போது அதற்குப் பழக்கமான ஆள்புலம் இராது. மற்ற மீன்களோ ஏற்கனவே குடியேறியிருக்கும். தின்பேர்கன் கண்ணாடிக் குழாயால் செய்ததை நாம் வேறு வழியில் செய்கிறோம். இரவில், விளக்கை அணைத்த பின்னர் விடுவது நன்று.

படி 5 – தடுப்பு: துளைகளிட்ட பிளாத்திக்குத் தகடு அல்லது பிளாத்திக்கு வலை கொண்டு தொட்டியை இரண்டாகப் பிரிக்கலாம். நீர் இரு பக்கமும் ஓட வேண்டும். விளிம்புகளில் மீன் நுழையும் இடைவெளி இருக்கலாகாது.

படி 6 – நிரந்தரமாகப் பிரித்தல்: மேற்கூறியவை பயன் தராவிடின், அல்லது அம்மீன் இயல்பிலேயே கலப்புத் தொட்டிக்கு ஒவ்வாதது எனின், வேறு தொட்டிக்கு மாற்றுக. வசதி இல்லையெனின் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம், அல்லது பெரிய தொட்டி உள்ள ஒருவருக்குக் கொடுக்கலாம்.

இடமாற்றத்தின்போது கவனிக்க வேண்டியவை:
– குழாய்நீரில் குளோரின் இருப்பின், திறந்த வாளியில் ஒரு நாள் வைத்தோ காற்றூட்டியோ பயன்படுத்துக.
– வடிகட்டிப் பஞ்சைக் குழாய்நீரில் கழுவாதீர்கள். பயனுள்ள பற்றீரியாக்கள் இறந்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரில் அலசுக.
– மீனை விடுமுன் பையை 15 முதல் 20 நிமிடம் நீரில் மிதக்கவிட்டு வெப்பநிலையைச் சமப்படுத்துக.
– குராமி, பைற்றர் ஆகியன நீர்மட்டத்துக்கு வந்து வளியையும் சுவாசிக்கக்கூடிய விசேட உறுப்பைக் கொண்டவை. ஆதலால் காற்றூட்டி இல்லாத வாளியிலும் சில நாட்கள் இருக்கும். வாளியை வலையால் மூடுக, இவை பாயும்.

8. காயப்பட்ட மீனைப் பராமரித்தல்

கிழிந்த செட்டை, அடிப்பகுதி சேதமடையாவிடின், மீண்டும் வளரக்கூடியது. காயப்பட்ட மீனைத் தனிப் பாத்திரத்தில் சுத்தமான நீரில் வைத்து, லீற்றருக்கு 1 கிராம் அளவில் அயடீன் சேர்க்கப்படாத உப்பு இடலாம். நாளாந்தம் நீரின் ஒரு பகுதியை மாற்றுக. உப்பைப் பிரதான தொட்டியில் இடாதீர்கள், தாவரங்கள் பாதிக்கப்படலாம்.

9. ஒருபோதும் செய்யலாகாதது

வேண்டாத மீனைக் குளத்திலோ ஆற்றிலோ வாய்க்காலிலோ விடாதீர்கள். "பாவம், அங்க போய்ப் பிழைக்கட்டும்" என்று நாம் எண்ணுகிறோம். பிழைக்குமானால்தான் ஆபத்து. தொட்டி துப்புரவாக்குவதற்கென வாங்கப்பட்ட ராங்கிளீனரும், அலங்கார மீனாகக் கொண்டுவரப்பட்ட கத்தி மீனும் இன்று இலங்கையின் இயற்கை நீர்நிலைகளில் பெருகியுள்ளன. ஒன்று பாசியையும் அடித்தளத்தையும் சுரண்டும். மற்றது சிறிய மீன்களை வேட்டையாடும். செரி பார்ப், கறுப்பு ரூபி பார்ப் போன்று இலங்கைக்கு மட்டுமே உரிய சிறிய மீன்கள் நமது ஓடைகளில் வாழ்கின்றன. அவற்றின் இயற்கைத் தாயகம் வேறெந்த நாட்டிலும் இல்லை. குளத்தில் வலைவீசிப் பிழைப்பவரின் வருமானமும் இதனால் பாதிக்கப்படும்.

தொட்டியில் ஒரு மீன் செய்யும் கேட்டை நாம் கண்ணாடியினூடே காண்கிறோம். குளத்தில் அது செய்யும் கேட்டைக் காண்பவர் எவருமிலர். அது திருத்த முடியாததும் ஆகும்.

10. கதையின் முடிவு

மாணவன் மூன்று ரைகர் பார்ப்களையும் வாங்கிய கடையிலேயே கொடுத்துவிட்டான். குராமியை மூடிய வாளியில் நான்கு நாட்கள் வைத்தான். மண்சட்டி வலது பக்கம் சென்றது. மிதக்கும் தாவரங்கள் தொட்டியின் பல இடங்களிலும் பரவ விடப்பட்டன. பின்பக்கம் வலிசுனேரியா நடப்பட்டது. வால் கிழிந்த கப்பிகளுள் ஒன்று இடையில் இறந்தது. ஏனையவற்றின் வால்கள் மெல்ல வளர்ந்தன. குராமி இன்றும் இடைக்கிடை கலைக்கின்றது. ஆனால் கலைபடும் கப்பி ஒளிந்துகொள்ள இப்போது இடம் உண்டு. ஏஞ்சல், குராமி, ராங்கிளீனர் ஆகியவற்றுக்கு நாளடைவில் பெரிய தொட்டி தேவைப்படும் என்பதை அவன் தந்தையாரிடம் சொல்லியிருக்கிறான். அவர் சோதனை முடியட்டும் என்றாராம்.

11. மாதிரி வினாவும் விடையும்

வினா: உமது நண்பரின் சிறிய கலப்பு மீன்தொட்டியில் ஒரு மீன் மற்ற மீன்களைத் துன்புறுத்துகின்றது.
(அ) இதற்கான காரணங்கள் மூன்று தருக.
(ஆ) மீனை அகற்றுமுன் மேற்கொள்ளத்தக்க நடவடிக்கைகள் மூன்றினைக் குறிப்பிடுக.
(இ) அம்மீனை அருகிலுள்ள குளத்தில் விடுதல் பொருத்தமன்று. விளக்குக.

விடை:
(அ) ஆள்புலம் காத்தல். இனப்பெருக்க காலத்தில் கூட்டையோ முட்டையையோ காத்தல். இடநெருக்கடி காரணமாக உணவுக்கும் இடத்துக்கும் போட்டி ஏற்படல்.
(ஆ) அவதானித்துக் காரணத்தை இனங்காணல். மறைவிடங்களை அமைத்துத் தொட்டியின் ஒழுங்கை மாற்றல். உணவை இரு இடங்களில் இடல்.
(இ) அந்நிய இன மீன் பெருகி உள்ளூர் மீன்களுடன் உணவுக்கும் இடத்துக்கும் போட்டியிடும், அவற்றையும் அவற்றின் முட்டைகளையும் உண்ணலாம், நோய்களைப் பரப்பலாம், ஒரு தடவை பரவினால் அகற்றுதல் மிகக் கடினம்.

கவனிக்குக: (ஆ) பகுதியில் "மீனை அகற்றல்" என எழுதாதீர்கள். வினா "அகற்றுமுன்" எனக் கேட்கின்றது. வினாவை இரு தடவை வாசித்த பின்னரே பேனாவை எடுங்கள். தொட்டியை இரண்டு நாள் பார்த்த பின்னரே மீனில் கை வைக்க வேண்டும் என்பதும் இதே பழக்கந்தான்.

பயிற்சி
1. 75 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் கொண்ட தொட்டியில் 40 செ.மீ. உயரத்துக்கு நீர் உண்டு. நீரின் கனவளவை லீற்றரில் காண்க. (விடை: 90 லீற்றர்)
2. தின்பேர்கனின் கண்ணாடிக் குழாய்ப் பரிசோதனையிலிருந்து பெறப்படும் முடிவு யாது?
3. உமது வீட்டில் அல்லது அயலில் உள்ள ஒரு மீன்தொட்டியை 20 நிமிடம் அவதானித்துப் பிரிவு 6 இல் கூறியவாறு அட்டவணைப்படுத்துக.